அடுத்த புக் எப்போ சித்தப்பா?

நாப்பத்தஞ்சு வயசு. முன்மண்டைல பாதி காலி. வீட்டுக்கடன் இன்னும் ஒம்பது வருஷம் பாக்கி. இப்படிப்பட்ட ஒரு ஆளு, ஒரு பொண்ணுக்கும் அவளோட மரநாய்க்கும் நடந்த சண்டை தீர்ந்துச்சா இல்லையான்னு ஆறு வருஷமா கவலைப்பட்டுட்டு இருந்தான்னா வெளிய சொல்லிக்க முடியுமா? வீட்டம்மாகிட்ட ஒரு தடவை சொன்னேன். கேஸ் புக் பண்ணிட்டீங்களான்னு கேட்டாங்க.

ஃபிலிப் புல்மன் எழுதின லைரா கதைகளைத்தான் சொல்றேன். தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். லைராவோட உலகத்துல மனுஷனோட ஆன்மா உடம்புக்கு வெளியே, ஒரு பிராணியா கூடவே திரியும். டீமன்னு பேரு. குழந்தையா இருக்கும்போது அது நினைச்சப்ப உருவம் மாறும். அந்துப்பூச்சியா, பூனையா, எதுவா வேணும்னாலும். வயசுக்கு வந்ததும் ஒரே உருவத்துல நின்னுடும். லைராவோட டீமன் பேரு பான்டலைமன், சுருக்கமா பான். அது கடைசியா நின்ன உருவம் பைன் மரநாய். (நம்ம நீலகிரி மரநாய்க்கு ஒண்ணுவிட்ட சொந்தம்.) மனுஷனும் டீமனும் சில அடி தூரம் பிரிஞ்சாலே ரெண்டு பேருக்கும் உயிர் போற வலி. மொத்தக் கதையும் இந்த ஒரு கற்பனை மேலதான் நிக்குது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். காலேஜ் நாள்ல பழைய புத்தகக் கடையில 'த கோல்டன் காம்பஸ்' வாங்கிப் படிச்சுட்டுப் பைத்தியமா அலைஞ்சேன். இதே ஆளு எழுதின 'நார்தர்ன் லைட்ஸ்'னு இன்னொண்ணு கண்ணுல பட்டதும் இருந்த காசையெல்லாம் குடுத்து வாங்கிட்டு வந்து திறந்தா, அதே முதல் வரி! இங்கிலாந்துல 1995-ல 'நார்தர்ன் லைட்ஸ்'னு வந்ததைத்தான் அமெரிக்காவுல பேரை மாத்திப் போட்டிருக்காங்க. ஒரே புக்கை ரெண்டு தடவை வாங்கின ஆளு ஊருக்கு நாலு பேராவது இருப்பாங்கன்னு நினைச்சு மனச தேத்திக்கிட்டேன். ரெண்டாவது புத்தகம் 1997, மூணாவது 'த ஆம்பர் ஸ்பைகிளாஸ்' 2000. இந்த மூணாவது, 2001-க்கான விட்பிரெட் பரிசுல வருஷத்தோட சிறந்த புத்தகமா ஜெயிச்சது. சிறுவர் நூல் ஒண்ணு அதை வாங்கினது அதுதான் முதல் தடவை.

கதை அங்கயே முடிஞ்சது. ஆனா 'த புக் ஆஃப் டஸ்ட்'னு இன்னொண்ணு எழுதப் போறேன்னு மனுஷன் சொல்லி வெச்சுட்டார். அவ்ளோதான், மாட்டிக்கிட்டேன்.

காத்திருக்கறதுலயும் ரெண்டு ரகம் இருக்கு. ஹாரி பாட்டர் ரகம் ஒண்ணு. அது திருவிழா. 2007 ஜூலை 21, சனிக்கிழமை, கடைசி புத்தகம். லண்டன்ல நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷம்னா நமக்கு விடியக்காலம் 4.31. பல்லு விளக்கியும் விளக்காமலும் கடை வாசல்ல போய் நின்னா, எனக்கு முன்னாடியே அம்பது அறுபது பேர், கழுத்துல துண்டு மாதிரி ஸ்கார்ஃப் கட்டிட்டு. சென்னையில, ஜூலை மாசத்துல! தேதி தெரியும், மணி தெரியும், கூட நிக்க ஆள் இருக்கு. அந்த மாதிரி காத்திருக்கறது சுகம்.

புல்மன் விஷயம் அப்படி இல்ல. தேதியே கிடையாது. 2003-ல ஒரு சின்ன சிவப்புத் துணி அட்டைப் புத்தகம், 'லைராஸ் ஆக்ஸ்ஃபர்ட்', உள்ள மடிச்சு வெச்ச ஒரு வரைபடம். 2008-ல இன்னொரு சின்னப் புத்தகம், கூடவே ஒரு போர்டு கேம். பந்தி எப்போன்னு கேட்டா சுண்டல் குடுத்து உக்கார வெச்ச கதை. பெரிய புத்தகம் வந்தபோது 2017 ஆயிடுச்சு.

அதுக்குள்ள எனக்குக் கூட்டுக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சு. அண்ணன் பொண்ணு. பன்னெண்டு வயசு. என் அலமாரில இருந்த மூணு புத்தகத்தையும் ஒரே கோடை லீவுல முடிச்சவ. (ரெண்டு தடவை வாங்கினதுல ஒரு காப்பி அவளுக்கு. எதுவும் வீணாகறதில்ல.) அவளோட டீமன் இன்னும் உருவம் மாறிட்டேதான் இருக்குமாம், இன்னிக்கு அணில், நேத்து ஓணான். "எனக்கு என்ன டா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் கூட யோசிக்காம "எருமை"ன்னா.

'லா பெல் சாவாஜ்' வந்தது 2017 அக்டோபர் 19, நம்மூர் தீபாவளிக்கு மறுநாள். லைரா அதுல கைக்குழந்தை. மால்கம்னு பதினோரு வயசுப் பையன், வெள்ளத்துல ஒரு சின்னப் படகுல அவளைக் காப்பாத்திக் கொண்டு போறான். நானும் அவளும் ஒரே வாரத்துல மாறி மாறிப் படிச்சு முடிச்சோம். முடிச்ச அன்னிக்கு ராத்திரியே போன்: "அடுத்த புக் எப்போ சித்தப்பா?"

அடுத்த புக், 'த சீக்ரெட் காமன்வெல்த்', 2019 அக்டோபர் 3. இதைப் பத்திச் சொல்லத்தான் இவ்ளோ சுத்தினேன்.

கிட்டத்தட்ட 700 பக்கம். கைக்கு வந்ததும் பிரிச்சுக்கூடப் பாக்கல, "நீ முதல்ல படி"ன்னு பெருந்தன்மையா அவகிட்ட குடுத்துட்டேன். அவளுக்கு அப்போ பதினாலு. வெளிவந்த விமர்சனங்கள்ல இது முந்தினதெல்லாத்தையும் விட இருட்டானது, பெரியவங்களுக்கானதுன்னு எழுதியிருந்தாங்க. நான் ஒண்ணையும் படிக்கல. ஏன்னா கதை தெரிஞ்சுடுமே! ரெண்டு வருஷம் காத்திருந்தவன் ஒரு விமர்சனத்தால அதைக் கெடுத்துக்குவானா?

அந்தப் புத்தகத்துல லைராவுக்கு இருபது வயசு. அவளும் பானும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்ல. உன் கற்பனையைத் தேடிப் போறேன்னு எழுதி வெச்சுட்டு பான் கிளம்பிடுது. அவ தனியா அதைத் தேடிக் கிழக்கே போறா. கடைசிப் பகுதில, ஒரு ரயில்ல, சிப்பாய்கள் கும்பலா அவளைத் தாக்கற காட்சி வருது. அவ போராடித் தப்பிக்கறா. ஆனா புல்மன் எதையும் பூசி மெழுகல.

அண்ணிதான் போன் பண்ணாங்க. பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்பிடல, ராத்திரி லைட்டை அணைக்க விடல. அண்ணி அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்துப் படிச்சிருக்காங்க. சத்தம் போடல. அதுதான் கஷ்டமா இருந்தது. "தம்பி, நீங்க படிச்சுப் பாத்துட்டுத்தானே குடுத்தீங்க?"

என்ன பதில் சொல்ல முடியும்?

அந்த ஞாயித்துக்கிழமை போனேன். மொட்டை மாடில உக்காந்திருந்தா. நான் என்னென்னமோ தயார் பண்ணிட்டுப் போயிருந்தேன், கதைதானே, அவதான் தப்பிச்சுட்டாளேன்னு. அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "அப்போ பான் அவகூட இல்ல சித்தப்பா. அவ தனியா இருந்தா." தயார் பண்ணினதெல்லாம் தொண்டையிலயே நின்னுடுச்சு. அன்னிக்கு அவ "அடுத்த புக் எப்போ"ன்னு கேக்கல. அதுக்கப்புறம் பல வருஷம் கேக்கல.

புத்தகத்தைத் திருப்பி எடுத்துட்டு வந்து நான் படிச்சேன். நல்ல புத்தகம்தான், இப்பவும் சொல்றேன். ஆனா நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டார் மனுஷன். பான் ஒரு பக்கம், லைரா ஒரு பக்கம், ரெண்டு பேரும் சேரவே இல்ல. அதே வருஷம் நவம்பர்ல டிவி சீரியல் ஆரம்பிச்சு, மூணு சீசன் ஓடி, 2022-ல முடிஞ்சும் போச்சு. அடுத்த புத்தகம் மட்டும் வரல.

இந்த மாதிரி நேரத்துல ஒரு அசிங்கமான வேலை பண்ணுவோம். எழுத்தாளரோட வயசைக் கணக்குப் போடுவோம். புல்மன் பிறந்தது 1946. எழுபத்தஞ்சு, எழுபத்தாறு, எழுபத்தேழு... அவரோட உடம்பு மேல அக்கறையா, கதை மேல அக்கறையான்னு என்னைக் கேட்டா உண்மையைச் சொல்ல மாட்டேன்.

பயத்துக்குக் காரணம் இருக்கு. டெர்ரி பிராட்செட்டோட டிஃபனி ஏக்கிங் கதைகள்ல கடைசிப் புத்தகம் 2015 ஆகஸ்ட்ல வந்தது. அவர் அந்த வருஷம் மார்ச்லயே போயிட்டார். முடிக்காம வெச்சிருந்த கதைகளெல்லாம் இருந்த ஹார்டு டிஸ்க்கை, அவரோட ஆசைப்படியே, 2017-ல டார்செட்ல ஒரு நீராவி ரோடு ரோலரை ஏத்தி நசுக்கினாங்க. அந்த போட்டோவைப் பாத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் கலங்குச்சு. இன்னொரு பக்கம் மெகன் வேலன் டர்னர் மாதிரி ஆளுங்களும் இருக்காங்க. 1996-ல ஆரம்பிச்ச 'த தீஃப்' வரிசையை 24 வருஷத்துல ஆறே புத்தகமா எழுதி, 2020-ல ஒழுங்கா முடிச்சுக் குடுத்தாங்க. அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கறது.

நிற்க. 2025-ல ஒரு வழியா தேதி சொன்னாங்க. 'த ரோஸ் ஃபீல்ட்', அக்டோபர் 23. செய்தியைப் பாத்ததும் அவளுக்கு அனுப்பலாமா வேணாமான்னு போனைக் கையில வெச்சுட்டே அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். அனுப்பல. பயம். அவ இப்ப வேற ஊர்ல காலேஜ், ஹாஸ்டல். தீபாவளி, பொங்கலுக்குப் பாத்தா உண்டு.

ராத்திரி பதினோரு மணிக்கு அவகிட்டேருந்தே மெசேஜ். "பாத்தீங்களா? இப்ப நானும் லைராவும் ஒரே வயசு."

கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. "ஒரு காப்பிதான் வாங்கணும். என் ஹாஸ்டல் அட்ரஸுக்குப் போடுங்க. நான் முதல்ல படிச்சுட்டு, உங்களுக்குக் குடுக்கலாமா வேணாமான்னு சொல்றேன்."

சிரிச்சேன். அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு, முன்பணம் கட்டினேன். அவ அட்ரஸுக்குத்தான்.

தீபாவளிக்கு வந்தப்ப புத்தகம் வர இன்னும் மூணு நாள் இருந்தது. அண்ணி முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்திட்டே, "இந்தத் தடவை யாரு முதல்ல படிக்கப் போறீங்க?"ன்னு கேட்டாங்க. "நான்தாம்மா"ன்னா அவ. அண்ணி ஒண்ணும் சொல்லல, இன்னும் ரெண்டு முறுக்கு வெச்சாங்க.

நான் விமர்சனம் எதையும் படிக்கல, இந்தத் தடவையும். (திருந்தலைன்னு நினைச்சுக்கோங்க.) மூணு வாரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரு நாள்: "முடிச்சுட்டேன். நீங்க படிக்கலாம். பானைப் பத்தி மட்டும் எதுவும் கேக்காதீங்க."

பரிட்சை, ப்ராஜெக்ட், ரூம்மேட் கேட்டான்னு எத்தனையோ சாக்கு சொல்லி இழுத்துட்டு இந்த வாரம்தான் கூரியர்ல போட்டிருக்கா. ஓரத்துல பென்சில்ல ஏதேதோ எழுதியிருக்காளாம், கோவப்படக் கூடாதாம். டிராக்கிங்ல நேத்து ராத்திரி வரைக்கும் திருச்சின்னே காட்டுது.