வட்டுவாகல் பாலம் தாண்டி

முல்லைத்தீவிலிருந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்து முள்ளிவாய்க்காலுக்குப் போனேன். ஒருபுறம் நந்திக்கடல், மறுபுறம் பெருங்கடல். 2009 மே மாதத்தில் எம்மவர் ஆயிரக்கணக்கில் நடந்துவந்த பாலம்.

அங்கொரு வீட்டில், மறதி நோயின் இறுதிக்கட்டத்தில் ஓர் அம்மம்மா. “செல் வருது, பங்கருக்குள்ள வாங்கோ” என்று இரவில் அலறுவாராம். சண்டை முடிந்துவிட்டதென்று மகள் விளக்க விளக்கப் பயம் கூடியதாம். இப்போது விளக்குவதில்லை. சிறுவிளக்கை அணைக்காமல், கையைப் பிடித்து, “நான் பக்கத்தில இருக்கிறன் அம்மா” என்கிறார்.

விழுங்க முடியாதவருக்குத் திணித்தால் புரைக்கேறி நியூமோனியா வரலாம். ஆகவே ஈரத்துணியால் உதட்டை நனைக்கிறார். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றுகிறார்.

“தங்கச்சி, பட்டினி போட்டு நானே கொல்லுறனோ?”

“இல்லை அக்கா. முடிவு நெருங்கினால் உடம்பே சாப்பாட்டைக் கேட்காது.”

அவர் அழுதார். தோழியரே, அந்த அழுகையில் ஒரு பாரம் இறங்கியதைக் கண்டேன்.