காசித்தும்பையின் வால்

போன மாதம் ஓர் ஆய்வு மாணவர் வீட்டுக்கு வந்தார். புதுக் காசித்தும்பை இனம் ஒன்று கிடைத்திருக்கிறதாம். கட்டுரைக்கான படத்தைக் காட்டினார். செல்போனில் எடுத்த போட்டோ. ஓரத்தைச் சுற்றிக் கணினியில் கோடு இழுத்திருந்தது.

"மகரந்தப்பை எங்கே தம்பி?"

"அது போட்டோவில விழலை சார்."

முப்பத்தொரு வருடம் தாவரப் படம் வரைந்தவனிடம் சொல்கிற பதிலா இது?

காசித்தும்பையை வரைந்தவனுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். உலர்தாவரத் தாளில் பூ வெங்காயச் சருகாக ஒட்டிக் கிடக்கும். கிள்ளி வெந்நீரில் போட வேண்டும். சீக்கிரம் எடுத்தால் கிழியும், விட்டுவைத்தால் கூழாகும். பிறகு லென்ஸுக்கு அடியில் இரண்டு ஊசியால் பிரிக்க வேண்டும். மேலே ஓர் இதழ், பக்கத்தில் இரண்டிரண்டாக ஒட்டிய நான்கு. வாலோடு நிற்பது இதழல்ல, புல்லி. ஐந்து மகரந்தப்பைகளும் ஒன்றுசேர்ந்து சூலகத்துக்குத் தொப்பி போட்டிருக்கும். அந்த வாலின் வளைவு இனத்துக்கு இனம் வேறு. நான் முதலில் வரைந்தபோது அதை நேராகப் போட்டுவிட்டேன்; தாளில் அப்படித்தான் அழுந்தியிருந்தது. தாளில் இருந்ததே மூன்று பூ. ஒன்றை ஏற்கெனவே கிழித்திருந்தேன். என் ஆசிரியர் திட்டவில்லை. இரண்டாவதைத் தன் கையால் ஊறப்போட்டு, என் முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஊசி பிடித்த கை அன்று நடுங்கிய நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது. வால் கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

1908க்கு முன் வந்த இனம் என்றால், உறுப்புகளைப் பிரித்துக் காட்டிய படம் மட்டும் இருந்தாலே அதன் பெயர் செல்லும். எழுத்தில் விளக்கம்கூட வேண்டாம். பெயரிடல் விதியிலேயே இருக்கிறது. படத்துக்கு அவ்வளவு மதிப்பு. ராபர்ட் வைட் (கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தி விளைவிக்கப் பார்த்தாரே, அவர்தான்) 1838 முதல் 1853 வரை சென்னையில் கொண்டுவந்த ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள். அவருக்கு வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார் வைட்.

எனக்கு ஆர்க்கிட் வேண்டாம். நாற்பது படம் போட்டுக் கொடுத்த ஒரு நூலில் என் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில், தட்டச்சு செய்தவருக்கும் அடுத்து இருந்தது.

போட்டோ எடுங்கள், தம்பிகளா, வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே இரண்டு பூவை ஸ்பிரிட்டில் போட்டுக் கொண்டுவாருங்கள். என் கண் இன்னும் இரண்டு வருடம் தாங்கும்.