நரம்பின் குற்றமும் காந்தத்தின் குணமும்

மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள் நம்மிடம் சிலம்பையோ சீறாவையோ எதிர்பார்த்திருப்பர். நாம் எழுதப் புகுந்ததோ மின் கிட்டாரின் உறுப்பு ஒன்றைப் பற்றி. ஒலி நீடிக்கும் மின் மாண்டலினைக் கொண்டே சீனிவாஸ் (1969–2014) கருநாடக இசை மேடையில் கமகங்களை நிலைநாட்டினார் என்பதை நினைந்து சான்றோர் பொறுத்தருள்க.

பாரிவாக்கத்தில் நம் இல்லத்திற்கு அடுத்த தெருவில் தங்கையும் அவள் மகனும் வாழ்கின்றனர். மறைந்த நம் மைத்துனர் பகலில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தோடு உழைத்தவர். இரவில் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்தவர். அவ்வாசிப்பில் குடும்பத்துப் பெரியவர்களுக்கு உடன்பாடு இருந்ததில்லை. நாமும் அன்று வாய் திறந்ததில்லை. அவர் மறைந்தபின் கிட்டார் ஆறாண்டுகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சென்ற ஆண்டு மருமகன் அதனை எடுத்துப் பெருக்கியில் இணைத்தபோது, குதிரையை ஒட்டிய பிக்கப்பிலிருந்து ஈனமான முனகலே எழுந்தது.

"புதுசு போட்டுடலாம் மாமா. அத்தா வாசிச்ச சத்தம் வருமா?" என்றான். விடுமுறை நாள்களில் வேலை பார்த்து அவன் சேர்த்த பணம் ஒரே ஒரு பிக்கப்புக்குப் போதும். தேர்வில் பிழைத்தால் மறுமுறை இல்லை.

பிக்கப் என்பது காந்தமும் அதனைச் சூழ்ந்த செப்புக்கம்பிச் சுருளுமே. எஃகு நரம்பு அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின் அலை பிறக்கிறது. ஆயின் ஒற்றைச் சுருளுக்கு ஒரு குறை உண்டு. சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் அது சேர்த்தே வாங்கிக்கொள்ளும். நொடிக்கு 50 சுழற்சி கொண்ட நம் வீட்டு மின்சாரம் அதனுள் ஓயாது ரீங்கரிக்கும். அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் இதற்கு மருந்து கண்டு 1955-இல் காப்புரிமை கோரினார். 1959-இல் அது கிடைத்தது. இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்க, நரம்பின் ஒலி மட்டும் ஒன்றோடொன்று கூடும். அதுவே ஹம்பக்கர். நம் மைத்துனரின் கிட்டாரில் இருந்தவை இரண்டும் அவ்வகையே.

மருமகன் மனத்தில் வரித்திருந்தது செராமிக் காந்தமும் 16 கிலோ ஓம் மின்தடையும் கொண்ட ஒன்று. எண் பெரிதாயின் ஒலியும் பெரிது என்பது அவன் கணக்கு. சிலப்பதிகாரத்து வேனிற்காதை செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நரம்புக் குற்றம் நான்கினைச் சொல்லும். அவற்றுள் ஆர்ப்பு என்பது அளவிறந்து ஒலித்தல். வகுப்பில் இருபது ஆண்டுகளாக நாம் நடத்திவரும் பாடம். எனினும் கடைவீதியில் அது நம் நினைவுக்கு வரவில்லை. நினைவூட்டியவர், ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படியின் கீழ் அமர்ந்து பெருக்கிகளைப் பழுது பார்க்கும் முதியவர்.

அவர் பழைய பிக்கப்பைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். ஒரு சுருள் 4 கிலோ ஓம் காட்டியது. மற்றதில் முள் அசையவில்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

"உயிரோட இருக்கிறது நாலு காட்டுது. அப்ப ரெண்டும் சேந்து எட்டு. எட்டுக்குப் பக்கத்துல பாருங்க சார். பதினாறு வேற ஆளோட குரல்."

ஓம் கணக்கு மட்டுமே ஒலியின் உரத்தைச் சொல்லிவிடாது. கம்பியின் பருமனும் காந்தத்தின் வகையும் சேர்ந்தே அதனை முடிவு செய்யும் என்றும் அவர் விளக்கினார். அறுந்ததை மீண்டும் சுற்றலாகாதா என்று வினவினோம். மயிரிழையினும் மெல்லிய கம்பி, ஏறத்தாழ 5,000 சுற்று. தம் கண் இனி ஒத்துழைக்காது என்றார்.

மருமகன் முகம் வாடிற்று. பேருந்தில் பூந்தமல்லி வரும்வரை பேசவில்லை. இறங்கும்போது, "எட்டே வாங்கலாம் மாமா" என்றான்.

அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிக்கோ காந்தம் உடையதையே வாங்கினோம். இரு ஓர நரம்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து சென்றமை நன்றாயிற்று. ஏனெனில் 50 மில்லிமீட்டருக்கும் 53-க்கும் தனித்தனி வார்ப்புகள் உள்ளன. கம்பி நிறங்களில்தான் ஏமாந்தோம். நிறுவனத்துக்கு நிறுவனம் அவை மாறும் என்பதை அறியாது பற்றவைத்துவிட்டோம். தனித்து ஒலித்தபோது குறையில்லை. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்போடு சேர்த்து ஒலித்தபோது தகர டப்பாவைத் தட்டியது போலிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. புதியதன் இருமுனைக் கம்பிகளை இடம் மாற்றியபின் சரியாயிற்று.

அன்று மாலை மருமகன் வாசிக்கையில் தங்கை அடுக்களையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். சிறிது நேரம் கேட்டாள்.

"அவங்க வாசிச்சா இன்னும் கொஞ்சம் கரகரன்னு இருக்கும்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றாள்.

மருமகன் பெருக்கியின் குமிழை இம்மியளவு திருகி, அதே பாட்டை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். பழைய பிக்கப் கிட்டார்ப் பெட்டிக்குள் இருக்கிறது. சுற்றத் தெரிந்த ஒருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.