அணைக்க முடியாத உலை

ஆக்ராவுக்கு வரும் தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் தாஜ்மகாலையும் கோட்டையையும் பார்த்துவிட்டு, பூசணிக்காய் மிட்டாய்ப் பெட்டியுடன் ரயில் ஏறிவிடுகிறார்கள். கிழக்கே இன்னும் நாற்பது கிலோமீட்டர் போனால் ஃபிரோசாபாத். நம் வீட்டு வளைகாப்பில் கைநிறைய அடுக்கும் கண்ணாடி வளையல்களில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. தில்லி-ஹௌரா ரயில் பாதையில், தூண்ட்லா ஜங்ஷனை அடுத்து இருக்கிறது ஊர். ராஜதானி வகையறாக்கள் நிற்காமல் ஓடிவிடும்.

ஊருக்குச் செல்லப் பெயர் ‘சுஹாக் நகரி’. சுமங்கலிகளின் நகரம் என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் உள்ளே நுழைந்ததும் முதலில் எதிர்ப்படுவது தூசி. அடுத்தது கண்ணாடிச் சில்லு. தெரு ஓரத்திலும் சாக்கடை மேட்டிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று உடைந்த துண்டுகள் வெயிலில் மின்னுகின்றன. சந்துகளில் தள்ளுவண்டிகள் போகின்றன. அவற்றில் கயிற்றால் கட்டிய வளையல் கட்டுகள், ஆள் உயரத்துக்கு. கிட்டே போய்ப் பார்த்தால் அவை இன்னும் வளையல்கள் ஆகவில்லை. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் வாய் பிளந்திருக்கும் வெறும் வளையம். அந்தக் கட்டுக்கு உள்ளூர்ப் பெயர் ‘தோடா’.

ஆலையிலிருந்து ஒரு வீடு, அங்கிருந்து இன்னொரு வீடு, பிறகு பூச்சு வேலை, பிறகு சூளை, கடைசியில் போஹ்ரான் கலி போன்ற வளையல் சந்தைகள் என்று ஒரு வளையல் ஊரை விட்டுப் போவதற்குள் ஊருக்குள்ளேயே பல கை மாறிவிடுகிறது. எரிபொருள் விலை ஏறும்போது அந்தச் சுமையும் இதே வழியில்தான் கை மாறுகிறது. அது கடைசியில் எந்தக் கையில் தங்குகிறது என்று பார்ப்பதற்கு இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம்.

கண்ணாடி இங்கே வந்த கதையை ஊரார் ஒரு மாதிரி சொல்கிறார்கள். படையெடுத்து வந்தவர்கள் கொண்டுவந்த கண்ணாடிச் சாமான்களில் கழித்துப் போட்டவற்றை ‘பைன்சா பட்டி’ என்ற நாட்டு உலையில் போட்டு உருக்கினார்களாம். அதில் செய்த வளையலுக்குக் ‘கடேச்சல் கீ சூடி’ என்று பெயர். அதில் ஒட்டு கிடையாது. ஆலை வளையலுக்கு முன்னோடியாக ருஸ்தம் உஸ்தாத் என்பவரைக் கொண்டாடுகிறார்கள். (நம் சங்க இலக்கியத் தலைவியின் கையிலிருந்து நழுவும் வளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது சங்கை அறுத்துச் செய்தது.) ஆலை வளையலில் ஒட்டு உண்டு. இந்த ஊரின் பொருளாதாரத்தில் பாதி அந்த ஒட்டில்தான் இருக்கிறது.

ஆலைக்குள் காட்சி வேறு. நடுவில் வட்டமான உலை. அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு வாய்கள். ஒவ்வொரு வாய்க்குப் பின்னாலும் தீக்களிமண் பானை. மணல், சோடா சாம்பல், நிறத்துக்கான உப்புகள், பழைய கண்ணாடிச் சில்லு எல்லாம் அதற்குள் 1,300, 1,400 டிகிரி வெப்பத்தில் குழம்பாகக் கொதிக்கின்றன. ஒரு பானையில் சிவப்பு, அடுத்ததில் பச்சை என்று ஒரே நெருப்பில் பல நிறம் காய்ச்சலாம். நீண்ட இரும்புக் கம்பியின் முனையில் எலுமிச்சை அளவு குழம்பை எடுத்து, அதன்மேல் இன்னொரு நிறத்தை ஏற்றி, சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆளிடம் சேர்க்க வேண்டும். அதனால் எல்லாரும் ஓடுகிறார்கள். நெருப்புக் கோளம் சொருகிய கம்பியோடு இருபது முப்பது பேர் ஒருவரை ஒருவர் இடிக்காமல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைப் பார்க்கிற புதியவர் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

கடைசியில் உட்கார்ந்திருப்பவர் ‘தார்கஷ்’. தார் என்றால் இழை. உருகிய கண்ணாடியை இழையாக இழுத்து, சுழலும் உருளையில் சுற்றவிடுவது இவர் வேலை. இழை ஒரே தடிமனில் வர வேண்டும், இடைவெளி மாறக்கூடாது. உருளையில் ஸ்பிரிங் மாதிரி ஒரு சுருள் உருவாகிறது. அதைக் கழற்றி நீளவாக்கில் கீறினால் வாய் பிளந்த வளையங்கள் உதிர்கின்றன. ஆலையின் வேலை அதோடு முடிந்தது.

உலையின் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஊரின் கஷ்டம் புரியாது. ஜவுளிக்கடைக்காரர் வியாபாரம் படுத்தால் ஒரு விளக்கை அணைப்பார், ஒரு பையனை நிறுத்துவார். கண்ணாடி உலையை அப்படி நிறுத்த முடியாது. ஆறினால் பானை வெடிக்கும், உள்ளே இருக்கும் கண்ணாடி கல்லாகும். மறுபடி சூடேற்றுவதற்கே நாள்கணக்கில் எரிபொருளைக் கொட்ட வேண்டும், அதுவரை ஒரு வளையல்கூட வராது. பானையின் ஆயுளே சில வாரங்கள்தான். ஆகவே வளையலுக்குக் கிராக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெருப்பு இரவும் பகலும் எரிகிறது. செலவில் குறைக்க முடியாத இனம் எதுவோ, அதுதான் விலையும் ஏறுகிறது.

அந்த நெருப்பு ஒரு காலத்தில் நிலக்கரியில் எரிந்தது. அதை மாற்றியது தாஜ்மகால். சலவைக்கல்லை மஞ்சளாக்கும் புகையை எதிர்த்து எம்.சி. மேத்தா 1984இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாஜைச் சுற்றிய 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பில் தொழிற்சாலைகள் நிலக்கரியைக் கைவிட வேண்டும் என்பது முடிவு. ஃபிரோசாபாத் அந்தப் பரப்புக்குள் வருகிறது. குஜராத்தின் ஹசீராவிலிருந்து வடக்கே வரும் குழாயிலிருந்து கெயில் நிறுவனம் இயற்கை எரிவாயு தந்தது. நீதிமன்றத்தின் பேரில் எரிபொருள் மாற்றியவர்கள் என்பதால் அரசு நிர்ணயிக்கும் மலிவு விலையும் கிடைத்தது. புகை குறைந்தது. அந்த வகையில் தீர்ப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஊர் அன்றிலிருந்து ஒரே எரிபொருளுக்குக் கட்டுப்பட்டது. வாயு விலை ஏறினால் கரிக்குத் திரும்ப முடியாது, சட்டம் விடாது. அரசு நிர்ணயித்த உள்நாட்டு வாயு விலை 2020 அக்டோபரில் பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 1.79 டாலராக இருந்தது. 2021 அக்டோபரில் 2.90, 2022 ஏப்ரலில் 6.10, அதே ஆண்டு அக்டோபரில் 8.57. இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. விலை டாலரில் என்பதால் ரூபாய் சரிந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். குழாய்க் கட்டணமும் மாநில வரியும் தனி. ஒதுக்கீட்டுக்கு மேல் வேண்டுமென்றால் இறக்குமதி வாயு வாங்க வேண்டும். உக்ரைன் போருக்குப் பின் 2022இல் அதன் விலை எங்கே போனது என்பது ஊரறிந்தது. 2023 ஏப்ரலில் மத்திய அரசு உள்நாட்டு வாயுக்கு 6.50 டாலர் என்று உச்சவரம்பு வைத்தபோது சற்று மூச்சு வந்தது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 6.75 ஆனது.

வரியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கண்ணாடி வளையலுக்கு வரி இல்லை என்றார்கள். மங்கலப் பொருளாயிற்றே. ஆனால் விற்கும் பொருளுக்கு வரி இல்லையென்றால், வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. சோடா சாம்பலுக்கு 18 சதவீதம் கட்டியது கட்டியதுதான். இயற்கை எரிவாயுவோ ஜி.எஸ்.டி.க்கு உள்ளேயே வரவில்லை, அதன்மேல் விழுவது மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி. வரியில்லாத வளையலுக்குள் இத்தனை வரி ஒளிந்திருக்கிறது.

விலையை ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். யாரிடம்? வளையல் வாங்குபவர் அதே மாதம் சமையல் சிலிண்டரும் வாங்குபவர். தில்லியில் 2021 ஜனவரியில் 694 ரூபாயாக இருந்த வீட்டுச் சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,103 ரூபாய். பிறகு இருமுறை குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் மறுபடி ஐம்பது ஏற்றி 853 ஆனது. இதில் வளையல் எந்த இடத்தில் நிற்கும்? கல்யாணம், வளைகாப்பு, வடக்கே சாவன் மாதப் பச்சை வளையல், கர்வா சௌத் என்று தவிர்க்க முடியாத நாட்கள் இருப்பதால் வியாபாரம் அடியோடு போவதில்லை. ஆனால் நான்கு டஜன் எடுத்த கை இரண்டு டஜனோடு நிற்கும். பக்கத்திலேயே உடையாத உலோக வளையலும் பிளாஸ்டிக் வளையலும் தொங்குகின்றன. அணைக்க முடியாத உலைக்கு ஒரு பக்கம் வாயுக்காரர், இன்னொரு பக்கம் பேரம் பேசும் இல்லத்தரசி. இருவரையும் அழுத்துவது எரிபொருள் விலைதான்.

சமாளிக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. பழைய கண்ணாடிச் சில்லை அதிகம் சேர்த்தால் கலவை சீக்கிரம் உருகும், வாயு மிச்சமாகும். தெருவில் சில்லு பொறுக்குகிறவர்களுக்கு ஊரில் மரியாதை இருப்பது இதனால்தான். இழையைக் கொஞ்சம் மெலிதாக இழுத்தால் அதே கண்ணாடியில் வளையல் எண்ணிக்கை கூடும், அளவுக்கு மிஞ்சினால் பெட்டியிலேயே நொறுங்கும். சிலர் வளையலை விட்டு பாட்டில், டம்ளர், விளக்குக் கூடு என்று போய்விட்டார்கள்.

உருப்படியான வழி ஒன்று இருக்கிறது. கரி உலைக்கு வாயு பர்னரைப் பொருத்திவிட்டு வேலை முடிந்தது என்றிருந்த ஆலைகளில் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்க்கொண்டிருந்தது. தில்லியின் ‘டெரி’ ஆய்வு நிறுவனம் சுவிட்சர்லாந்தின் வளர்ச்சி உதவியோடு, வெளியேறும் சூட்டைக் கொண்டே உள்ளே வரும் காற்றைக் காய்ச்சும் உலையை வடிவமைத்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கட்டிக் காட்டியது. வாயுவில் மூன்றில் ஒரு பங்குவரை மிச்சம் என்பது அதன் கணக்கு. பிற ஆலைகளும் அதைப் பின்பற்றின. ஊரில் இத்தனை உலைகள் உயிரோடு இருப்பதில் இதற்குப் பங்கு உண்டு. கரியை நிறுத்தச் சொல்லும்போதே இப்படி ஒரு உலையையும் கையில் கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இவை எல்லாம் ஆலை வாசலோடு நின்றுவிடுகின்றன. வாய் பிளந்த வளையங்கள் வண்டியேறி வீடுகளுக்குப் போகின்றன. முதல் வீட்டில் ‘சதாய்’, அதாவது வளையத்தைச் சூடுகாட்டி முனை இரண்டையும் நேராக்குவது. அடுத்த வீட்டில் ‘ஜுடாய்’, அந்த முனைகளைச் சுடரில் காட்டி ஒட்டுவது. காற்று ஊதி ஊசிபோல் கூர்மையாக்கிய ஒரு சிறு சுடர், அதன் முன் தரையில் குந்திய ஒரு பெண். வளையம் சுடருக்குப் போகிறது, ஒரு கணம் முனை சிவக்கிறது, விரல் அழுத்துகிறது, அடுத்தது. மே மாதத்திலும் மின்விசிறி போட முடியாது. சுடர் ஆடும். விரல் நுனியில் தழும்பு, கண்ணில் எரிச்சல். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் பக்கத்தில் அமர்ந்து வளையங்களை எடுத்துக் கொடுக்கிறார்கள். வீட்டில் பணம் இறுகும்போது அந்தச் சிறு கைகளுக்கும் வேலை கூடுகிறது. கண்ணாடி வேலையில் குழந்தைகளைச் சட்டம் தடுத்து வெகுகாலமாயிற்று. அனீஸ் ஜங்கின் கட்டுரை வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு மத்தியப் பாடநூலில் படித்த மாணவர்களுக்கும் இது தெரியும். ஆனால் தொழிற்சாலைக்குள் நுழையும் ஆய்வாளர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.

கூலி கட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. கட்டைக் கொண்டுவருபவர் ஒப்பந்தக்காரர். சுடருக்கான எரிபொருளும் அறை வாடகையும் ஒட்டுபவர் செலவு. இங்கேதான் கணக்கு முழுதாக விளங்குகிறது. ஆலைக்காரருக்கு வாயு விலை ஏறினால் சங்கம் உண்டு, மனு உண்டு, தில்லிக்குப் போக ரயில் உண்டு. கட்டின் கூலியை இழுத்துப் பிடிக்கவும் வழி உண்டு. ஒட்டும் பெண்ணுக்கு எரிபொருள் விலை ஏறினால், கூலியிலிருந்து அது தானாகக் கழிந்துவிடுகிறது. கழித்தது யார் என்று யாரையும் கேட்க முடியாது.

அந்தச் சுடர் நெடுங்காலம் மண்ணெண்ணெயில் எரிந்தது. 2016 ஜூலையிலிருந்து ரேஷன் மண்ணெண்ணெய் விலையை லிட்டருக்கு 25 காசு என்று சிறுகச் சிறுக ஏற்றிக்கொண்டே வந்தார்கள். 2020க்குள் மானியம் கரைந்தது. அரசுக் கணக்கில் அது சீர்திருத்தம். சமையலுக்கு சிலிண்டர் வந்துவிட்டது, மண்ணெண்ணெய் எதற்கு என்ற வாதத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அடுப்புக்கு மட்டுமா மண்ணெண்ணெய், தொழிலுக்கும் அதுதான் என்ற வீடுகள் அந்தக் கணக்கில் வரவில்லை. சில வீடுகளில் சுடர் சிலிண்டருக்கு மாறியது. வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. தொழிலுக்கான 19 கிலோ சிலிண்டரின் விலை, கட்டுக்குக் கூலி வாங்கும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆக, காலையில் ரொட்டி சுடும் அதே சிலிண்டர் பகலில் வளையல் ஒட்டினால் அது குற்றம். தனியாக வாங்கினால் அன்றைய கூலி காலி.

2020இல் கொரோனா ஊரடங்கு மார்ச் கடைசியில் வந்து, வடக்கின் கல்யாணப் பருவத்தை விழுங்கியது. அணைக்கவே முடியாது என்றிருந்த உலைகளையும் அப்போது அணைத்தார்கள். பிறகு கடன் வாங்கி மறுபடி மூட்டினார்கள். வீட்டுச் சுடருக்கு அப்படிக் கடன் கொடுக்க வங்கியில் ஏற்பாடு இல்லை. கொடுத்தவர் ஒப்பந்தக்காரர்தான். அதை அடைப்பதும் கட்டுக் கணக்கில்தான்.

சாயங்காலம் சந்தின் முனையில் வண்டி வந்து நிற்கிறது. ஒட்டிய கட்டுகளை எண்ணி ஏற்றுகிறார்கள், ஒட்டாதவற்றை இறக்குகிறார்கள். ஏற்றியவை பொன்பூச்சுக்கும், பிறகு ‘பகாய்’ சூளைக்கும் போக வேண்டும். அங்கேயும் எரிவாயுக் கணக்கு காத்திருக்கிறது. அது முடிந்து டஜன் டஜனாகக் காகிதத்தில் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியின் மேல் சென்னை, மதுரை, நாக்பூர், பாட்னா என்று இந்தியில் எழுதுகிறார்கள்.