பரணிலிருந்து இறங்கியவை

நம் வீடுகளில் பரண் ஒரு ஆவணக் காப்பகம். சீராக வந்த பித்தளை அண்டா, தொட்டில் கட்டை, ஓடாத டேபிள் ஃபேன் இவற்றோடு, அந்த வீட்டுப் பெண் ஒருகாலத்தில் செய்துகொண்டிருந்த ஏதோ ஒன்றும் அங்கே இருக்கும். சித்தி வீட்டில் தையல் மிஷின். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழ். தோழி வீட்டில் உறை போட்ட வீணை. என் வீட்டில் இரண்டு கேனிஸ்டர் ஃபில்டர்கள். மீன்தொட்டிக்கு வெளியே, ஸ்டாண்டுக்குக் கீழே வைக்கிற வடிகட்டிகள்.

2009இல் அரியர் பணம் வந்தபோது நான்கடித் தொட்டியும் இவற்றையும் வாங்கினேன். 2013இல் மகள் பிறந்தாள். "கைக்குழந்தை இருக்கிற வீட்டில தண்ணித் தொட்டி எதுக்கும்மா?" என்று பேச்சு வந்தது. தொட்டியும் மீன்களும் வேறு வீட்டுக்குப் போயின. ஃபில்டர்கள் தப்பியதற்கு ஒரே காரணம், அவை என்னவென்று யாருக்கும் தெரியாததுதான். பெரிய குக்கர் போலிருக்கிறது என்று அத்தை பழைய பெட்ஷீட்டில் சுற்றி மேலே ஏற்றிவைத்தார். பன்னிரண்டு வருடங்கள் அங்கேயே இருந்தன.

இந்த வருடம் அவற்றை இறக்கி, மூடிக்கு ரப்பர் வளையம் கேட்டு ஒரு கடைக்குப் போனேன். "சார் வரலையா மேடம்? இது மோட்டார் சமாச்சாரம். பழசோட எதுக்குக் கஷ்டப்படறீங்க, புதுசா எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர். மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று விடிந்ததிலிருந்து மோட்டார்களோடு மல்லுக்கட்டுகிற ஒருத்திக்கு மோட்டார் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. அடுக்களைக்குள் ஓடும்வரை அது மோட்டார் இல்லை போலும்.

கேனிஸ்டர் ஃபில்டரில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மூடி போட்ட ஒரு வாளி. மூடிக்குள் சின்ன மோட்டார். தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியே தன் எடையால் கீழே இறங்குகிறது. ஸ்பாஞ்சு, செராமிக் வளையங்கள் எல்லாவற்றையும் கடக்கிறது. மோட்டார் அதை மேலே தள்ளுகிறது. மோட்டாருக்குத் தண்ணீரைத் தள்ளத் தெரியும், காற்றை இழுக்கத் தெரியாது. அதனால் வாளியையும் குழாய்களையும் தண்ணீரால் நிரப்பிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். உலர்ந்து ஓடினால் சுழலும் பாகம் தேய்ந்து கெடும். அதற்குத் தண்ணீர்தான் எண்ணெய்.

நெடுநாள் சும்மா கிடந்ததில் என்ன பழுது வரும்? திறந்து பார்த்தபோது பழுது ஒரே மாதிரி இல்லை, மூன்று விதம் என்று தெரிந்தது.

முதலாவது, கழுவினால் போகிறது. எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு, காந்தத்தோடு சேர்ந்து சுழலும் இம்பெல்லரில் வெள்ளையாகப் படிந்து அதை இறுக்கிவிட்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக் கூடாது. உள்ளே இருக்கும் செராமிக் கம்பி சாக்பீஸ் போல ஒடியும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் அது விரலுக்கு இணங்கிச் சுழன்றது. மீதியைப் பழைய டூத்பிரஷ் பார்த்துக்கொண்டது.

இரண்டாவது, மாற்ற வேண்டியது. குக்கர் காஸ்கெட்டை அமுக்கிப் பார்த்து, இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுகிற பெண்களுக்கு இதை விளக்க வேண்டாம். ரப்பர் வளையம் தட்டையாகி, வெடித்திருந்தது. புது வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவினேன். தேங்காய் எண்ணெயோ வாஸலினோ கூடாது, சில வகை ரப்பர் அவற்றில் ஊறி உப்பிப்போகும். விறைத்த குழாய்களை வெந்நீரில் போட்டேன். ஒன்று இளகியது, வளைத்ததும் விரிசல் விட்ட இன்னொன்றைத் தூக்கிப்போட்டேன். மின்வயரின் மேலுறை வெடித்திருந்தால் அந்த மோட்டாரையே தொடக் கூடாது. என்னுடையவை நன்றாக இருந்தன. தொட்டியோடு இணைக்கும் முன் குளியலறையில், ஒரு வாளித் தண்ணீரோடு இரவு முழுக்க ஓடவிட்டேன். முதலில் கடகடவென்று காற்றின் சத்தம். மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தேன். குமிழிகள் வெளியேறின, சத்தம் அடங்கியது.

ஃபில்டர் ஓடுகிறது. ஆனால் வேலை செய்யவில்லை. பழுதின் மூன்றாவது விதம் இதுதான்.

மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அதை நைட்ரைட்டாக்க ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொரு வகை. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். அந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் ஒட்டி வாழ்பவை. பன்னிரண்டு வருட வறட்சியில் அவை எப்போதோ செத்துவிட்டன. இப்போது மீனை விட்டால், கண்ணாடி போன்ற தெளிந்த தண்ணீரிலேயே அது சாகும். புதிதாக வளர்த்தெடுக்கப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இந்தப் பாகம் கடையில் கிடைக்காது; வினிகரும் உதவாது.

ஆனால் உறை ஊற்றலாம். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கித் தயிர் தோய்ப்பதுபோல, நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சு வாங்கி நம் ஃபில்டரில் வைத்தால் வாரங்கள் குறையும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் மட்டும் அதை அலசிவிடக் கூடாது. எனக்கு ஸ்பாஞ்சு கொடுத்தவர் கொளத்தூர் அக்கா ஒருவர். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன அந்தப் பகுதியில், மொட்டை மாடித் தொட்டிகளில் கப்பியும் மோலியும் வளர்க்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கரண்ட் போய் ஏர் பம்புகள் நின்றபோது, அவரும் அவர் மகளும் மக்கில் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து அதே தொட்டியில் விடிய விடிய ஊற்றினார்களாம். "கை வீங்கிப்போச்சு, மீனு பொழச்சுது" என்றார்.

அவர் சொன்னதும் எனக்கு லண்டன் ஞாபகம் வந்தது. மீன்தொட்டியின் வரலாற்றில் இரண்டு பெண்கள் முன்னே நிற்கிறார்கள். செருப்புத் தைப்பவரின் மகளாகப் பிறந்து, ஆடை தைத்துப் பிழைத்த ஜான் வில்ப்ரூ பவர், 1832இல் சிசிலியின் மெசினாவில் கண்ணாடித் தொட்டி அமைத்தார். ஆர்கோநாட்டு என்னும் கடலுயிர் தன் ஓட்டைத் தானே உருவாக்குகிறது என்று நிரூபித்தார். ஆனா தின் 1846இல் பவளப் பூச்சிகளை லண்டனுக்குக் கொண்டுவந்து கடல்நீரில் உயிரோடு வைத்திருந்தார். அந்த நீரில் காற்றைக் கலந்தது எது? வீட்டுப் பணிப்பெண். திறந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று, அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினாள். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது என்கிற மாதிரி எஜமானி எழுதியிருக்கிறார். அவள் என்ன நினைத்தாள் என்பதற்குப் பதிவு இல்லை. பெண்ணின் அறிவியல் என்று நாம் கொண்டாடும் இடத்திலும் இன்னொரு பெண்ணின் கை வலித்திருக்கிறது. இன்று அவள் வேலையைச் சில வாட் மின்சாரம் செய்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை யாரும் ஸ்டாண்டுக்குக் கீழே குனிந்து பார்ப்பதில்லை.

நான் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். முனைவர் பட்டச் சேர்க்கை நேர்காணல்களில் உட்காருகிறேன். முப்பத்தெட்டு, நாற்பது வயதில், பத்து வருட இடைவெளியோடு பெண்கள் வருகிறார்கள். "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க? டச் விட்டுப்போயிருக்குமே?" என்று கேட்கிறார்கள். இடைவெளி என்றாலே மொத்தமாகப் பிடித்த துரு என்று நினைக்கிறோம். யாப்பும் இலக்கணமும் ஒரு மாதம் ஊறினால் திரும்ப வந்துவிடும். புது ஆய்வு நெறிகளும் கணினிப் பழக்கமும் வாங்கிக்கொள்ளக் கூடியவை. உண்மையில் அழிந்துபோயிருப்பது கூட உட்கார்ந்து வாசித்தவர்கள், சண்டை போட்டவர்கள், "இந்த வரியை இப்படிப் பார்த்தால் என்ன?" என்று கேட்க ஒரு ஆள். தனியாக அது வளராது. இன்னொருவரிடமிருந்து உறை வேண்டும், வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை வீடும் தருவதில்லை, நாமும் தருவதில்லை. முதல் பருவத்திலேயே கட்டுரை கேட்கிறோம். திணறினால், "அப்பவே சொன்னேனே" என்கிறோம்.

அப்படி வருகிறவர்களிடம் முதல் ஆறு மாதம் கட்டுரை கேட்க வேண்டாம், மூத்த ஆய்வாளர் ஒருவரோடு வாரம் ஒருநாள் சேர்ந்து வாசிக்க விடுவோம் என்று துறைக் கூட்டத்துக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். "சலுகை கேக்கறீங்களா மேடம்?" என்றார் ஒருவர். சலுகை இல்லை சார், அதுக்கு ஆகிற காலம் அவ்வளவு என்றேன். இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டம் ஜூலையில்.