பொட்டு வைத்த திரை

ஜூன் 7, சனி

வெளியே சாரல். கோவைக்கே உரிய குளிர் காற்று. மாடி டேங்க், சம்ப், மோட்டார், இன்வெர்ட்டர் பேட்டரி, கீசர், வாசல் விளக்கு எல்லாம் லேப்டாப் திரையில் நான்கு பத்திகளாக அழகாக நிற்கின்றன. ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை ஏற்றி எட்டு மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் அம்மாவின் போனில் திறந்து கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டி, போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுல மோட்டாரு எங்கிருக்குது?" என்றார்.

எங்கே இருக்கிறது? லேப்டாப்பில் நான்காவது பத்தியின் தலையில். போனில் நான்கு பத்திக்கு ஏது இடம்? ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டது. மோட்டார் மற்ற மூன்று பத்திகளுக்கும் அடியில். ஐந்து முறை தள்ளினால்தான் கண்ணில் படும். அதற்குள் டேங்க் வழிந்து மாடிப்படி வரை வந்துவிடும்.

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவின் போனில் குறுக்கே 1080 புள்ளிகள். பிரவுசரைக் கேட்டால் அகலம் 360 என்கிறது. மூன்று புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக எண்ணும் கணக்கு அது. அப்படி எண்ணாவிட்டால் எழுத்தெல்லாம் கடுகாகிவிடும். திரையின் அகலத்தைப் பார்த்து ஒரே பக்கம் தன்னை மாற்றிக்கொள்ளலாம் என்று ஈத்தன் மார்காட் 'அ லிஸ்ட் அபார்ட்' இதழில் எழுதியது 2010 மே மாதம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை வேதம் போலப் படித்திருக்கிறேன். அகலத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தது. கை ஈரமாக இருக்கிறதா, கண்ணாடி பூஜை அறையில் இருக்கிறதா என்று எந்தப் பிரவுசர் கேட்கிறது?

இன்னொரு தொல்லை, தமிழ்ப் பெயர்கள். ஆங்கிலத்தில் அடங்கிய இடத்தில் 'சமையலறை வி…' என்று நின்றுவிடுகிறது. விளக்கா, விசிறியா? 'கீசர்' எழுத்தில் மேற்சுழி வெட்டுப்பட்டு மொட்டைத் தலையாக நிற்கிறது. ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்த வரி உயரம், நம் கொம்புக்கும் சுழிக்கும் போதவில்லை. உயரத்தைக் கூட்டினேன். பெயர்களைச் சுருக்கினேன். 'அடுப்படி லைட்'. வீட்டில் அப்படித்தானே சொல்கிறோம், 'சமையலறை விளக்கு' என்று யாரிடம் பெருமை காட்ட வைத்தேனோ.

ஜூன் 11, புதன்

ஒரே டாஷ்போர்டை எல்லாத் திரைக்கும் வளைக்கும் ஆசையை விட்டுவிட்டேன். மூன்று தனித்தனி. எனக்கு லேப்டாப்பில் எல்லாமும். போனில் வெளியே இருக்கும்போது கவலைப்படக் கூடியவை மட்டும். மூன்றாவது, அடுப்படிச் சுவருக்கு. அட்டைக்கு அட்டை, இந்தத் திரை அளவில் காட்டு, இந்தப் பயனருக்கு மறை என்று நிபந்தனை போட வசதி இருக்கிறது. ஆனால் மறைப்பது பூட்டுவது ஆகாது. திரையில் இல்லாத கீசரை வேறு வழியில் தொட முடியும். இதை மறந்து பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

ஜூன் 14, சனி

பீரோவுக்கு மேல் கிடந்த பழைய டேப்லெட்டைச் சுவரில் மாட்டினேன். ஆசாரி அடித்துக் கொடுத்த மரச் சட்டம், பக்கத்தில் சார்ஜர். திறந்தால் வெள்ளைத் திரை. ஒரு எழுத்துகூட இல்லை.

ஆண்ட்ராய்டு 4.4. சுவர்த் திரைக்கான கியாஸ்க் ஆப், பக்கத்தைக் காட்ட சிஸ்டத்தில் இருக்கும் வெப்வியூவை நம்பித்தான் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு 5 முதல்தான் அது தனியாக அப்டேட் ஆகும். 4.4-இல் பிறந்த கோலத்திலேயே உறைந்துபோயிற்று. இன்றைய டாஷ்போர்டின் ஒவ்வொரு அட்டையும் 'கஸ்டம் எலிமென்ட்' என்ற சரக்கால் ஆனது. அந்தக் கிழவனுக்கு அது என்னவென்றே தெரியாது. புது டேப்லெட் வாங்கலாம் என்றால் மனசு வரவில்லை. தொடுதிரை இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

நானே ஒரு பக்கம் எழுதினேன். பழைய காலத்து எச்டிஎம்எல், நாற்பது வரி ஜாவாஸ்கிரிப்ட். மேலிருந்து கீழாக மூன்று பட்டன்கள்: கீசர், வாசல் லைட், மோட்டார். ஹோம் அசிஸ்டன்டின் 'www' ஃபோல்டரில் போட்டதும் டேப்லெட்டில் பளிச்சென்று திறந்தது. மத்தியானம் சாப்பிடும்போதுதான் உறைத்தது: அந்த ஃபோல்டரைப் பாஸ்வேர்டு இல்லாமலே யாரும் திறக்கலாம். நான் பக்கத்துக்குள்ளேயே நுழைவுச் சாவியான டோக்கனை எழுதி வைத்திருக்கிறேன், பத்து வருஷம் செல்லுபடியாகும் டோக்கன். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து அதை ரத்து செய்தேன். புதிய டோக்கன் டேப்லெட்டின் நினைவில் மட்டும் இருக்கிறது, ஒரு முறை கையால் தட்டியது.

விரல் படும் இடம் 48 அலகு, ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்பது கூகுளின் வழிகாட்டி. மாவு பிசைந்த கைக்கு அது போதாது. அம்மா புறங்கை முட்டியால் தட்டுகிறார். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டனை வைத்தேன்.

டேங்க் மட்டத்தை '73%' என்று காட்டுவதையும் எடுத்துவிட்டேன். "முக்கா டேங்க்குன்னு சொன்னா ஆகாதா?" ஆகும். கால், அரை, முக்கால், நெறஞ்சுது. நான்கே சொற்கள். மட்டம் காட்டும் சென்சாரே தண்ணீர் அலையில் இரண்டு மூன்று சதவீதம் ஆடுகிறது. அந்த 73 எப்போதும் அரைப் பொய்தான்.

ஜூன் 22, ஞாயிறு

டேப்லெட்டில் மோட்டார் பட்டனுக்கு மேல் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு! கண்ணாடி இல்லாதபோது தடவிப் பார்த்துப் பொட்டுக்குக் கீழே தட்டினால் போதுமாம். வேலைக்கு வரும் அக்காவுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த அக்காவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். முந்தாநாள் நான் வெளியே போயிருந்தபோது மோட்டார் போட்டு நிறுத்தியது அவர்தான்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் சும்மா இருக்க மாட்டாமல் மேலே மணி காட்ட ஒரு வரி சேர்த்தேன். பக்கம் தானாக இடம் பண்ணிக்கொடுத்தது. நல்ல பக்கம்தான், நான்தான் அப்படி எழுதியிருந்தேன். பதினொரு மணிக்கு அம்மாவின் குரல். மோட்டார் ஓடவில்லை, வாசலில் பட்டப்பகலில் லைட் எரிகிறது.

"பொட்டு இடம் மாறிப்போச்சாம்மா?"

"பொட்டு எங்க கண்ணு மாறும்? உன்ற பட்டன்தான் நகந்துபோச்சு."

தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துவந்து பொட்டிலிருந்து சட்டத்தின் ஓரம் வரை அளந்தேன். பட்டனின் இடத்தைப் பிக்சல் கணக்கில் அந்த அளவுக்கே அடித்து இறுக்கிவிட்டேன். மணி பார்க்க அடுப்படியில் ஏற்கெனவே கடிகாரம் தொங்குகிறது.