எண்பது பைட் சாவி

மே 13, 2025, செவ்வாய்

இன்று சிபிஎஸ்இ தேர்வு முடிவு. மதியம் எங்கள் அலுவலகம் இருக்கும் டெல்லி சிஜிஓ காம்ப்ளெக்ஸ் வாசலில் டீ குடிக்கப் போனபோது, ஒரு பெண் அப்பாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தை இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். சிக்னல் அறுந்து அறுந்து வருகிறது. அறுந்த ஒவ்வொரு தடவையும் சர்வர் தன் சான்றிதழைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, புதிதாக ஒரு ரகசியத்தைப் பேசி முடித்த பிறகே பக்கத்தைத் தர வேண்டும் என்றால், இப்படிப்பட்ட நாளில் எந்த இயந்திரமும் திணறிப்போகும்.

அதற்காக வந்ததுதான் செஷன் டிக்கெட். 2008 ஜனவரியில் ஆர்எஃப்சி 5077 அதை வரையறுத்தது. முதல் அறிமுகத்தில் பேசி முடித்த ரகசியத்தை சர்வர் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. தன் சாவியால் பூட்டிப் போனிடமே கொடுத்துவிடுகிறது. கடைக்காரர் பற்று நோட்டைப் பூட்டி வாடிக்கையாளரிடமே கொடுத்தனுப்புகிற மாதிரி. அடுத்த முறை போன் அதை நீட்டினால், திறந்து பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லாப் பொட்டலத்தையும் திறப்பது ஒரே சாவி.

மே 14, புதன்

போன வார இந்திய-பாகிஸ்தான் பதற்றத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் சர்வர்களை ஒரு முறை அலசச் சொல்லியிருக்கிறார்கள். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் அமைப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரு வரி டிக்கெட் சாவிக் கோப்பைக் காட்டியது. அளவு 80 பைட். தேதி, 2019 மார்ச்.

பக்கத்து நாற்காலித் தம்பி நம்பவில்லை. "அண்ணே, சர்ட்டிஃபிகேட்டைப் போன மாசம்தானே மாத்தினோம்?"

"அது வேற, இது வேறப்பா. இதுக்கு எக்ஸ்பைரி கிடையாது. யாரும் மெயில் அனுப்பி ஞாபகப்படுத்த மாட்டாங்க."

இது எப்படி நடக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. லோட் பேலன்சருக்குப் பின்னால் பல சர்வர்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சாவி வைத்திருந்தால், ஒன்று தந்த டிக்கெட்டை இன்னொன்று ஏற்காது. மறுபடியும் முழு ஹேண்ட்ஷேக், அதாவது முதலிலிருந்து அறிமுகம். எனவே யாரோ ஒருவர் ஒரே கோப்பை உருவாக்கி எல்லா இயந்திரத்திலும் நகலெடுத்திருக்கிறார். வேகம் கூடியது, புகார் நின்றது, கோப்பு மறந்துபோனது.

பின்னால் சாவி களவு போனாலும் பழைய உரையாடல் திறக்காது என்று நாம் நம்புகிற ஃபார்வர்ட் சீக்ரசி இந்த இடத்தில்தான் உடைகிறது. இணைப்பைப் பூட்டும் நெறிமுறையான டிஎல்எஸ் 1.2-இல் டிக்கெட் கம்பியில் வெளிப்படையாகவே போகிறது. அதற்குள் அந்த இணைப்பின் மூல ரகசியமே இருக்கிறது. இன்று போகிற வருகிற எல்லாவற்றையும் ஒருவர் பதிவுசெய்து வைத்துவிட்டு, பின்னால் ஒரு நாள் இந்த 80 பைட்டைக் கைப்பற்றினால் போதும். டிக்கெட் வழங்கிய இணைப்புகள் அத்தனையும், முதல் இணைப்பு உட்பட, திறந்துகொள்ளும். சான்றிதழின் சாவியைத் திருடினால்கூட இவ்வளவு கிடைக்காது.

மே 15, வியாழன்

வியாழக்கிழமை என்பதால் வழியில் சாய்பாபா கோயில் கூட்டம். அலுவலகம் சேரத் தாமதம்.

இதே சிஜிஓ வளாகத்தில்தான் தேசிய தகவலியல் மையமான என்ஐசியின் தலைமையகமும், எலெக்ட்ரானிக்ஸ் நிகேதனில் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் சிசிஏ அலுவலகமும் இருக்கின்றன. 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் உலவுவதை கூகுள் கண்டுபிடித்தது. அவற்றை வழங்கியது என்ஐசியின் சான்றிதழ் பிரிவு. மறுநாளே சிசிஏ அதன் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்துசெய்தது. குரோம் அதன் பிறகு இந்திய மூலச் சான்றிதழை ஏழு டொமைன்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது.

அந்தச் சம்பவத்தை இங்கே பழையவர்கள் எல்லோரும் அறிவார்கள். போலிச் சான்றிதழ் உலகத்தின் கண்ணில் படும். அதைப் பிடிக்க உலாவிகள் இருக்கின்றன. டிக்கெட் சாவி களவு போனால் வெளியிலிருந்து ஒரு தடயமும் தெரியாது. எங்கள் தணிக்கைப் படிவத்தில் சான்றிதழுக்கு ஒரு பக்கமே இருக்கிறது. டிக்கெட் சாவிக்கு ஒரு கட்டம்கூட இல்லை. இதைத்தான் நான் மேலிடத்துக்கு எழுதப்போகிறேன்.

மே 17, சனி

இரவு வேலை. ட்விட்டர் 2013 நவம்பரில் வெளியிட்ட முறையை மாதிரியாக எடுத்துக்கொண்டோம்: 12 மணி நேரத்துக்கு ஒரு புதுச் சாவி, 36 மணி நேரத்தில் பழையதை அழித்துவிடுவது, வட்டில் எழுதாமல் நினைவகத்திலேயே வைத்திருப்பது.

என்ஜின்எக்ஸில் முதலில் குறிப்பிட்ட கோப்புதான் புது டிக்கெட்டைப் பூட்டும். மற்றவை திறக்க மட்டும். எனவே புதுச் சாவியை நேரே மேலே போட்டுவிடக் கூடாது. முதலில் எல்லா சர்வருக்கும் இரண்டாம் இடத்தில் அனுப்ப வேண்டும். எல்லாம் பெற்றுக்கொண்டது உறுதியான பிறகு மேலே ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் தளம் விழாது. டிக்கெட்டுகள் நிராகரிக்கப்பட்டு முழு ஹேண்ட்ஷேக் குவியும், அவ்வளவுதான். ஆனாலும் தேர்வு முடிவு நாளில் அந்த "அவ்வளவுதான்" பெரிய விஷயம். கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி எங்கள் சர்வர்கள் ஏற்கெனவே என்ஐசி நேரத்தோடு இசைந்திருந்ததால் அந்தக் கவலை இல்லை.

என்ஜின்எக்ஸ் 1.23.2-லிருந்து சாவியைத் தானே மாற்றிக்கொள்கிறது. பகிர்ந்த நினைவகக் கேஷ் இருக்க வேண்டும். அதுவும் ஒரு இயந்திரத்துக்குள் மட்டும்தான். ஒற்றை சர்வர் வைத்திருப்பவர்கள் கோப்பையே எடுத்துவிட்டு இதை நம்பலாம். குறைதீர்ப்பு மனுத் தளத்தில் நான் டிக்கெட்டையே நிறுத்திவிட்டேன். அங்கே வருகிறவர்கள் குறைவு; அவர்கள் எழுதுவது ஆதார், நோய், நிலத்தகராறு. சில மில்லிசெகண்டு மிச்சம் அதற்கு ஈடாகாது.

மே 19, திங்கள்

தம்பி பேக்கப்பில் தேடினான். பழைய 80 பைட் கோப்பு ஒவ்வொரு வாரப் பிரதியிலும் இருக்கிறது. நிறுவல் ஸ்கிரிப்ட் களஞ்சியத்திலும் ஒரு நகல். சர்வரில் அழித்தது பாதி வேலைதான். பேக்கப்பைப் பார்க்க உரிமை உள்ளவர் எல்லோரும் இத்தனை ஆண்டு இணைப்புகளின் சாவியை வைத்திருந்திருக்கிறார்கள்.

டிஎல்எஸ் 1.3-இல் நிலைமை மேல். தொடரும்போதும் பொதுவாகப் புதுச் சாவிப் பரிமாற்றம் நடக்கிறது. டிக்கெட்டின் ஆயுளும் ஏழு நாளைத் தாண்ட முடியாது. ஆனால் ஆண்ட்ராய்ட் 10-க்கு முந்தைய போன்களோடு வருகிறவர்கள் இன்னும் எங்கள் பதிவேட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்காக 1.2-ஐ மூட முடியாது.

பழைய பிரதிகளை அழிக்க அனுமதி கேட்டுக் குறிப்பு எழுதி மாலையில் மேலே அனுப்பினேன். தணிக்கைப் படிவத்தில் புதிதாகச் சேர்க்கச் சொன்ன வரியும் அதிலேயே: டிக்கெட் சாவி கடைசியாக மாற்றிய தேதி, மாற்றியது யார், நகல் எங்கெங்கே.